தின்பண்டமும் ஊருக்குள் நுழையத் தடையும்

சங்கரன்கோவிலை அடுத்த பாஞ்சாகுளத்தில் 2022 செப்டம்பரில் பள்ளிப் பிள்ளைகள் சிலர் தின்பண்டம் வாங்கக் கடைக்குப் போனார்கள். ஊரில் கட்டுப்பாடு போட்டிருக்கிறது, உங்கள் தெருவுக்கு எதுவும் கொடுக்கக் கூடாது, வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று கடைக்காரர் அவர்களைத் திருப்பி அனுப்பினார். பிள்ளைகள் பட்டியல் சாதியினர். கட்டுப்பாடு என்றால் என்னவென்றே தெரியாமல் அவர்கள் கேட்டு நிற்கும் காட்சி கைபேசிகளில் நாடெங்கும் பரவியது. கடைக்கு சீல் வைத்தார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவாகி, கைதுகளும் நடந்தன. அதோடு நிற்காமல், குற்றம் சாட்டப்பட்ட ஐந்து பேரும் ஆறு மாதம் அந்த ஊருக்குள் நுழையக் கூடாது என்று திருநெல்வேலி சிறப்பு நீதிமன்றம் காவல்துறையின் மனுவை ஏற்று உத்தரவிட்டது.

இங்கேதான் அறக்கேள்வி எழுகிறது. பண்டம் தர மறுத்தது தவறு என்பதில் விவாதமே இல்லை. ஆனால், விசாரணை முடிந்து தீர்ப்பு வருவதற்கு முன்பே ஒருவரை அவர் பிறந்த ஊரிலிருந்து விலக்கிவைப்பது நியாயமா? நாட்டுக்குள் எங்கும் நடமாடவும் குடியிருக்கவும் உள்ள உரிமையை அரசியல் சாசனத்தின் 19ஆம் பிரிவு குடிமக்கள் எல்லோருக்கும் தருகிறது. நமக்குப் பிடிக்காதவருக்கும் அது உண்டு.

எதிர்த்தரப்பு உரிமையையும் அதே சாசனம்தான் தருகிறது, மிகத் தெளிவாகவே தருகிறது. சாதியின் பேரால் யாரையும் கடைக்குள் வராமல் தடுக்கக் கூடாது என்று 15(2) பிரிவு சொல்கிறது. தனிமனிதருடைய கடையையும் அது கட்டுப்படுத்தும். 1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபையில், கடை என்பதற்கு என்ன பொருள் என்று கேட்டபோது, கேட்டு வருகிற எவருக்கும் சேவை தர முன்வரும் இடம் என்று அம்பேத்கர் விரிவாகப் பொருள் சொன்னார். தீண்டாமை ஒழிப்புப் பிரிவும் அதே நாளில்தான் நிறைவேறியது.

அமெரிக்காவில் இந்த வழி வெகுநாள் அடைபட்டுக் கிடந்தது. அங்கே சமத்துவத்துக்கான 14ஆம் திருத்தம் அரசை மட்டுமே கட்டுப்படுத்தும், தனியார் கடையை அல்ல என்று 1883இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1960இல் கிரீன்ஸ்பரோவில் நான்கு கறுப்பின மாணவர்கள் உணவு மேசையில் அமர்ந்து எழ மறுத்ததும், 1964இல் குடிமை உரிமைகள் சட்டம் வந்ததும் அதற்குப் பிறகுதான். அந்தச் சட்டத்தை எதிர்த்து அட்லாண்டாவின் விடுதி முதலாளி ஒருவர், எனக்கு விருப்பமில்லாத விருந்தினரை ஏற்கச் சொல்வது என்னை அடிமையாக்குவதாகும் என்றே வாதாடினார். அவர் தோற்றார். ஆனாலும் மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தைக் காட்டித்தான் நீதிமன்றம் அந்தச் சட்டத்தைக் காப்பாற்றியது. மனித மாண்பு அங்கே வணிகத்தின் தோளில் ஏறி வர வேண்டியிருந்தது. இங்கே சாசனமே அதை நேராகச் சொல்கிறது.

பாஞ்சாகுளத்தில் நடந்ததை ஒரு கடைக்காரரின் வெறுப்பு என்று சுருக்கிவிட முடியாது. பழைய தகராறு ஒன்றின் வழக்கை முடித்துக்கொள்ளப் பட்டியல் சாதியினர் உடன்படாததால் ஊர் கூடி விதித்த தடை என்றே செய்திகள் வந்தன. அப்படியானால் நீதிமன்றத்துக்குப் போனதற்குத் தண்டனையாகப் பெரியவர்களின் வழக்கு பிள்ளைகளின் வயிற்றில் இறக்கப்பட்டிருக்கிறது. சமூகப் புறக்கணிப்பைத் தனிக் குற்றமாகவே வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்திருப்பது இதற்காகத்தான். இத்தகைய வழக்கில் சாட்சிகள் குற்றம் சாட்டப்பட்டவர்களின் பக்கத்துத் தெருவிலேயே வாழ்கிறார்கள். அவர்கள் முகத்தில் தினமும் விழித்து, அவர்கள் வயலில் வேலை கேட்டு, பிறகு கூண்டில் ஏறி உண்மை சொல்ல வேண்டும். சிறையோ அபராதமோ வருவதற்குள் சாட்சி மனம் மாறிவிடலாம். ஆகவே அந்த ஆறு மாத உத்தரவு நியாயமானதே.

அதற்காக இந்த ஆயுதத்தை மகிழ்ச்சியோடு பார்க்க முடியாது. ஊரை விட்டு விலக்கிவைப்பது ஆதிக்கம் உள்ளவர்கள் எளியவர்கள்மேல் காலங்காலமாக ஏவிய தண்டனை. அரசின் கையிலும் அதன் வரலாறு இனியதல்ல. 1950இலேயே டாக்டர் கரே என்ற அரசியல்வாதியை டெல்லியிலிருந்து வெளியேற்றிய உத்தரவை உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. நாளைக்கு ஆலையை எதிர்ப்பவரையும் நிலம் கேட்பவரையும் நோக்கி இதுபோன்ற அதிகாரம் திரும்பும்போது நாம் என்ன சொல்வோம்? இன்று கைதட்டும் ஒவ்வொருவரும் இதைத் தமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும். ஊர்க்கட்டுப்பாட்டுக்குக் காரணம் எழுத்தில் இருக்காது, கெடு இருக்காது, மேல்முறையீடு இருக்காது. நீதிமன்ற உத்தரவில் மூன்றும் இருந்தாக வேண்டும். காரணத்தைத் தெரிவிக்கவும், விலக்கப்பட்டவர் முப்பது நாளுக்குள் முறையிட்டால் உத்தரவை மாற்றவோ ரத்து செய்யவோ வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 10ஆம் பிரிவு இடம் வைத்திருக்கிறது. அந்த இடத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு மறுத்தால், அரசும் இன்னொரு ஊர்க்கூட்டமாகிவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. ஐந்து பேரை வெளியே நிறுத்தலாம். ஊர்க்கூட்டத்தில் தலையாட்டியவர்கள் எல்லோரையும் நிறுத்த முடியாது. அந்தப் பிள்ளைகள் அவர்களைக் கடந்துதான் பள்ளிக்குப் போக வேண்டும். கெடு முடிந்து ஐவரும் திரும்பும் நாளில் அந்தத் தெருவுக்கு யார் காவல், எந்தக் கடை திறந்திருக்கும், வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கும் என்பதை வருவாய்த் துறையும் காவல்துறையும் உத்தரவு வாங்கும் நாளிலேயே யோசித்து வைத்திருக்க வேண்டும்.