உறவும் முறையும்

உறவு என்னும் சொல் நம் நாவில் நாள்தோறும் வழங்குவது. வழங்கும் பழக்கம் ஒன்றினாலேயே அதன் பொருள் நமக்கு நன்கு விளங்கிவிட்டதாகக் கருதியிருக்கின்றோம். அங்ஙனம் விளங்கவில்லை என்பதை ஒரு நிகழ்ச்சி எமக்கு உணர்த்திற்று.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு சிற்றூர்த் திருக்கோயிலில் நெடுங்காலம் திருமுறை ஓதிவந்த முதியவர் ஒருவர் ஒருநாள் வைகறையிற் சிவபதம் எய்தினார். மனைவியார் முன்னரே மறைந்தார், மக்கட்பேறும் இல்லை. செய்தி கேட்டு யாமும் சென்றிருந்தோம். அவரை 'அண்ணா' என்று அழைத்தவரும், 'அப்பா' என்று அழைத்தவரும், 'எங்கள் வீட்டில் ஒருவர்' என்று சொல்லி வருந்தியவரும் அங்கே பலர். ஆயினும் 'இறுதிக் கடனுக்கு உரிய உறவினர் யார்?' என்னும் வினா எழுந்த அளவில் அக்கூட்டம் வாயடங்கிற்று. தமக்கை மகன் ஒருவன் தொலைவூரில் உளன் என்றனர், ஆள் சென்றது, அவன் வரவில்லை. உச்சிப்பொழுதும் கடந்தது. அடியார் பெருமையை அவைதோறும் எடுத்துரைக்கும் யாமும் வாளாநின்றோம். அப்பொழுது அவ்வூரிற் பூத்தொடுத்து வாழும் ஒருவர் முன்வந்தார். அவர் மகனுக்கு அம்முதியவர் ஒரு காசும் பெறாது தேவாரம் கற்பித்தவர். 'அவர் எனக்கு என்ன முறை என்று அறியேன். ஆனால் அவருக்கு நான் செய்யவேண்டியது உண்டு' என்று கூறி, மேலாடையை அரையிற் கட்டிக்கொண்டு கடனை ஏற்றார்.

அன்று முதல் உறவு என்பதன் பொருள் யாது என்னும் வினா எம்மை விட்டு நீங்கவில்லை. அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

நம் மொழியில் உறவினரைக் குறிக்கும் சொற்கள் பல. சுற்றி நிற்றலின் சுற்றம். ஒரு மரத்தினின்று பிரிதலின் கிளை. தம்மவர் ஆதலின் தமர். கேளிர் என்பது உறவினரையும் நண்பரையும் ஒருங்கே குறிக்கும். உறவு என்பதோ 'உறு' என்னும் பகுதியினின்று தோன்றியது; அடைதல், பொருந்துதல், தீண்டுதல் என்பன அதன் பொருள். இவற்றுள் குருதிக் கலப்பைத் தன் பகுதிப்பொருளாக உடைய சொல் ஒன்றேனும் இன்று. அருகே நிற்றலும், வந்து பொருந்துதலும், தம்மவர் எனக் கொள்ளுதலுமே இச்சொற்களின் உயிராய் நிற்பன. ஆகலின், குருதித் தொடர்பு உறவின் ஒரு வாயிலே அன்றி, உறவு அதுவேயாகாது என்பது சொற்களாலேயே பெறப்படும்.

வடமொழி வழியாக வந்த சொற்களும் ஈண்டு நோக்கத்தக்கன. பந்து என்பது உறவினன். பந்தம் என்பது கட்டு. இரண்டும் கட்டுதலைக் குறிக்கும் ஒரு வேரினின்று பிறந்தவை. அவ்வேரினின்றே சம்பந்தம் என்பதும் பிறந்தது. உலகியலில் அது மணத்தால் வரும் தொடர்பு; சீகாழிப் பிள்ளையார்க்கு அது ஞானத்தோடு இயைந்தமை காட்டும் திருப்பெயர். ஒரே வேர், ஓரிடத்துத் தளையாகவும் ஓரிடத்து ஞானத்தின் இயைபாகவும் நிற்றல் வியப்பன்றோ? பாசம் என்னும் சொல்லும் அத்தகையதே. தாய் மகவின்மேல் வைக்கும் அன்பை உலகம் பாசம் என்கின்றது; சித்தாந்த நூல்களோ உயிரைப் பிணிக்கும் மலங்களைப் பாசம் என்கின்றன.

இதுகொண்டு ஒருசாரார், 'உறவெல்லாம் பாசமே. ஆகலின் வீடு வேண்டுவோர் சுற்றத்தை விடுதலே நெறி' என்பர். முதிய தாய்க்கு உணவளியாமல் திருத்தல யாத்திரை புறப்படுவாரும் இக்கூற்றையே துணையாகக் கொள்ளக் கண்டுள்ளோம். இது பொருந்துமா என ஆராய்வோம்.

பதி, பசு, பாசம் என்னும் முப்பொருளுள் நம் தாயும் தந்தையும் மக்களும் எதன்பாற் படுவர்? அவர்கள் உயிர்கள், எனவே பசு. நம்மைப் போலவே அநாதியாய் உள்ளவர்; நம்மைப் போலவே மலத்தாற் பிணிப்புண்டு அருளால் விடுதலை பெறுதற்கு உரியவர். அவர்களைப் பாசம் என்பது பசுவைப் பாசம் என மயங்கும் பிழையாம். அற்றேல், பாசமாவது யாது எனின், அவர்கள்பால் நாம் வைக்கும் 'எனது' என்னும் செருக்கே ஆணவத்தின் காரியமாய் நின்று நம்மைக் கட்டுவது. விடவேண்டுவது அச்செருக்கை, விடலாகாதது அவ்வுயிர்களை. சுற்றத்தை விட்டு அச்செருக்கை உடன்கொண்டு செல்வான் துறந்தவன் ஆகான். அவன் 'எனது வீடு' என்பதை விட்டு 'எனது தவம்' என்பதைப் பற்றினவனே ஆவன்.

இவ்வுண்மைக்கு நம் இலக்கணமும் துணை நிற்கின்றது. உறவுப் பெயர்களை முறைப்பெயர் என்று இலக்கணநூல் வழங்கும். முறை என்பது ஒழுங்கு. அரசன் செய்யும் நீதியும் முறையே. 'அவர் உமக்கு என்ன முறை?' என்று கேட்கும்போது, அவர்பால் உமக்குரிய கடமை யாது என்றே கேட்கின்றோம். மேலும், நன்னூலார் நான்காம் வேற்றுமைக்குக் கூறிய பொருள்களுள் கொடை ஒன்று, முறை மற்றொன்று. இரவலர்க்குப் பொன் கொடுத்தான் என்னும் கொடையும், சாத்தற்கு மகன் என்னும் முறையும் ஒரே உருபால் வருவன. நம்பி மகன் என்னும் தொகையை 'நம்பியது மகன்' என்று விரித்தல் ஆகாது, 'நம்பிக்கு மகன்' என்றே விரித்தல் வேண்டும் என்பது தொல்காப்பிய விதி. 'அது' என்னும் உருபு அஃறிணைக்கு உரியதென்பதே அதற்குக் காரணம். எனினும், வீட்டையும் நிலத்தையும் உடைமை கொள்ளுமாறு ஒருயிரை உடைமை கொள்ளுதல் ஆகாது என்னும் மெய்ம்மையையும் அவ்விதி நமக்கு நினைவூட்டுகின்றது. உயிர்களை உடையவன் இறைவன் ஒருவனே. அவனுடைய பொருளை 'எனது' என்றல் களவு. அவனுடைய பொருளுக்கு யான் செய்யும் கடன் இது என்றல் முறை.

இனி, கண்ணெதிரே நிற்கும் ஐயம் ஒன்று உளது. சண்டேசுரர் தந்தையின் தாளைத் துணித்தார். கோட்புலியார் இறைவற்கென வைத்த நெல்லை உண்ட சுற்றத்தாரை வாளுக்கு இரையாக்கினார். இவை உறவை அறுத்த செயல்கள் அல்லவோ எனின், கூறுதும். அவர்கள் தம் நலம் கருதியோ தம் கடமையின் சுமை பொறாமலோ உறவை அறுத்தாரல்லர். சண்டேசுரர் துணித்தது பூசைக்கு இடையூறாய் வந்த செயலை. அத்தந்தையும் குற்றம் நீங்கிச் சிவலோகம் எய்தினான் என்றே சேக்கிழார் முடிக்கின்றார். கோட்புலியாரோ தம் மகளிர் சிங்கடியாரையும் வனப்பகையாரையும் நம்பியாரூரர்க்கு அடிமையாக அளிக்க முன்வந்தபோது, ஆரூரர் அவர்களைத் தம் மக்களாக ஏற்றார்; தம் பதிகங்களில் அவர்களுக்கு அப்பனாகவே தம்மைக் குறித்துக்கொண்டார். பெறாத மக்களுக்குத் தந்தையாதலை அப்பெருமான் சொல்லோடு நிறுத்தவில்லை என்க. அன்றியும், செயற்கரிய செய்தாரின் வாளைக் கையிற் கொள்ளாது, அவர் பெயரை மட்டும் கொண்டு சோற்றுக் கடனைத் தட்டிக்கழிப்பது எங்ஙனம் பொருந்தும்?

உறவே அருளுக்கு வாயிலானமைக்குத் திலகவதியார் வரலாறு சான்று. தமக்கு மணம் பேசிய கலிப்பகையார் போரில் மாண்டபோது உயிர்விடத் துணிந்த அம்மையார், தம்பியின் பொருட்டே உயிர் தாங்கினார். அவ்வுடன்பிறப்பு அன்பு இல்லையேல் சைவம் நாவுக்கரசரை மீளப் பெற்றிருக்குமா? அந்நாவுக்கரசரைச் சம்பந்தப் பிள்ளையார் 'அப்பரே' என்றழைத்தார். திங்களூர் அப்பூதியடிகளோ அவரைக் கண்ணாற் காணுமுன்னரே தம் மக்களுக்கும் தண்ணீர்ப்பந்தலுக்கும் அவர் திருப்பெயரையே இட்டார். குருதியில் தொடங்கிய உறவு தமக்கையாரிடத்தும், குருதி கடந்த உறவு அப்பூதியாரிடத்தும் ஒரே நிறைவை எய்தின. இரண்டிலும் பொதுவாய் நின்றது ஒருவர்க்கு ஒருவர் செய்த செயலே.

துறவோரும் உறவை ஒழித்தாரல்லர். அதன் எல்லையை விரித்தார். மக்கட் பரம்பரையைக் குறிக்கும் சந்தானம் என்னும் சொல்லையே குரு மரபிற்கு இட்டு, மெய்கண்ட சந்தானம் என்று ஆதீனங்கள் வழங்குகின்றன. அம்மரபின் முதல்வர் திருவெண்ணெய்நல்லூரில் மாமன் இல்லத்து வளர்ந்தார் என்பர். அவர் குடும்பத்தின் குலகுருவாகிய முதியவரே இளையவராம் அவர் அடிபணிந்து அருணந்தி ஆயினார். தாசமார்க்கம், சற்புத்திர மார்க்கம், சகமார்க்கம் என்னும் நெறிப்பெயர்களும் அடிமை, மகன், தோழன் என்னும் உறவுப் பெயர்களே. இறைவனோடு உயிர்க்குள்ள அத்துவித இயைபை, கலப்பினால் ஒன்றும், பொருளினால் வேறும், உயிர்க்குயிராய் நின்று உடனும் ஆதல் என நம் ஆசிரியர் விளக்குவர். அவ்வியைபில் இறைவன் உயிரை விழுங்கி இல்லாமற் செய்வதும் இல்லை. விலகி நின்று கைவிடுவதும் இல்லை. நம் உறவுகளெல்லாம் அதன் சிறு நிழல்களாய் அமைதல் வேண்டும். பிள்ளையைத் தன்னுள் விழுங்கும் பற்றும் உறவன்று. 'அவரவர் வினை' என்று விலகி நிற்பதும் உறவன்று. உடன் நிற்பதே உறவு.

அற்றேல், உயிரனைத்தும் உறவாயின் தாய்க்கும் அயலாருக்கும் வேறுபாடு இல்லையோ எனின், உண்டு. வினைக்கு ஈடாக இறைவன் நம்மை ஒரு குடியிற் பிறப்பித்தான். அக்குடியின் கடனே அவன் இட்ட முதற்பணி. வள்ளுவர் சுற்றந்தழாலை 53ஆம் அதிகாரமாகத் தனியே வகுத்தமையும் அக்கடனின் இன்றியமையாமையை உணர்த்தும். முதற்பணியைச் செய்யாதான் உலகம் முழுதும் எமக்குச் சுற்றம் என்பது வெறுஞ்சொல்லாம். முதற்பணியோடு நின்றுவிடுவானோ வாயிலிலேயே அமர்ந்து அகம் புகாதவன் ஆவான்.

இனி, எம்மை நோக்கியே யாம் கூறவேண்டுவது ஒன்று. அடியாரெல்லாம் ஒரு குடும்பம் என்று நாம் எழுதியும் பேசியும் வருகின்றோம். அக்குடும்பத்தில் முதுமையால் குரல் தளர்ந்த ஓதுவார் யாவர், அவருள் துணையற்றோர் யாவர், அவர் நோயுற்றால் அருகிருப்பார் யார் என்பவற்றை நம் மடங்களும் சபைகளும் அறிந்துள்ளனவா? அறிந்திலவேல், 'அண்ணா' என்றும் 'அப்பா' என்றும் நாம் வழங்கும் முறைப்பெயர்கள் முறையற்ற பெயர்களே. ஒவ்வொரு திருக்கோயிலின் அன்பரும் இக்கணக்கைத் தாமே எடுத்து, இன்னாருக்கு இன்னார் என்று அவர் உயிரோடு உள்ளபோதே பொறுப்பேற்றல் வேண்டும். அதற்குப் பெருநிதி வேண்டா; ஒருவர் முன்வருதல் போதும்.

பூத்தொடுக்கும் அன்பர் இலக்கணம் கற்றவரல்லர். எனினும் அன்று அவர் கூறியதில் 'எனது' இல்லை; 'அவருக்கு' என்பதே இருந்தது. நூல் பல கற்ற யாம் அன்று வாளாநின்ற பிழையை அவ்வொரு சொல் இன்றும் எமக்கு இடித்துரைக்கின்றது. அச்சொல்லை நாமனைவரும் செயலாற் கூறத் திருவருள் துணைசெய்க.