தேய்ந்த பொன்னும் தேயாத பொன்னும்

அமெரிக்க நாணயசாலையில் 1933ஆம் ஆண்டு முத்திரையோடு அச்சடிக்கப்பட்ட 445,500 இருபது டாலர்ப் பொற்காசுகள், ஜனாதிபதி ரூஸ்வெல்ட் மக்கள் கையிலிருந்த பொன்னை ஒப்படைக்கக் கட்டளையிட்டதையடுத்து, புழக்கத்துக்கு வராமலே பெரும்பாலும் உருக்கப்பட்டன. தப்பியவற்றுள் தனியாருக்குச் சட்டம் அனுமதித்த ஒன்று 2021இல் ஏறத்தாழ ஒரு கோடியே 89 இலட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. உடன்பிறந்தவற்றின் அழிவும் புழக்கத்தில் தேயாத நிலையுமே அதன் மகிமை. அந்நிலையை அளக்க 1 முதல் 70 வரை படிகளும் உண்டு.

இலங்கையின் பசறைத் தேயிலைத் தோட்டத்து லயங்களில், தாயிடமிருந்து மகளுக்கு வந்து, வியர்வையிலும் மஞ்சளிலும் தேய்ந்து, பிள்ளையின் படிப்புக்காக அடகுக்குப் போய் மீண்ட பவுண்காசோ, அப்படிகளில் கீழேதான் நிற்கும். அடகுக்காரர் எடையை மட்டுமே நோக்குவார்; பொன்னே சத்தியம், ஆபரணம் நாமரூப விகாரம் என்று உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவுக்கு உபதேசித்த சாந்தோக்கிய உபநிஷதத்துக்கு அவர் தராசு இசைந்ததே. ஆயினும் என் மனம் அதில் அமைதியுறவில்லை. அந்தத் தேய்வு வெறும் விகாரமா? ஒரு குடும்பத்தின் தியாகம் முழுவதும் அதில் அல்லவா பதிந்திருக்கிறது! ஆன்மாவும் தீண்டப்படாமல் காக்கப்பட்டுத் தூய்மை பெறுவதில்லை; அது மாயை தந்த உடலெடுத்து வினையை நுகர, அதன் வழியாகவே அதைப் பிணித்த ஆணவமலம் பரிபாகமுறுகிறது என்று சைவ சித்தாந்தம் கூறுவதை, அக்காசை உள்ளங்கையில் ஏந்தும்போதே நான் முழுமையாக ஏற்கிறேன்.