என் பொணத்தை என்ன செய்யலாம்?

அப்பா செத்தபோது பறை வேண்டாம் என்று சொன்னவன் நான். மொட்டை அடிக்க மாட்டேன், வாய்க்கரிசி கிடையாது, கருமாதி கிடையாது என்றபோது சொந்தக்காரர்கள் முணுமுணுத்ததோடு சரி. பறை என்றதும்தான் சித்தப்பா துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

"ஊரான் சாவுக்கெல்லாம் நாப்பது வருசம் அடிச்ச மனுசன்டா உங்கப்பன். அவன் சாவுக்கு மட்டும் அடிக்கக் கூடாதா?"

எனக்குப் பதில் வரவில்லை. சாப்பறைக்கு 'நெய்தல்' என்று பெயர் என எம்.ஏ. தேர்வில் எழுதி மார்க் வாங்கியவன் நான். அப்பாவுக்கு அது கட்டாய வேலை. பாதி ராத்திரியில் கூப்பிட்டாலும் போகணும், பக்கத்து ஊர்களுக்கு நடந்தே போய்ச் சாவு சொல்லணும். அந்த இழிவு அவரோடு ஒழியட்டும் என்று நினைத்தேன். பறை இல்லாமல்தான் தூக்கினோம். அம்மாவின் ஒப்பாரி தெருமுனை வரை கேட்டது. அதையும் நிறுத்தச் சொல்லியிருப்பேன், தைரியம் வரவில்லை.

சடங்கு மறுப்பு என்றால் புரோகிதனை மறுப்பது என்றே நாத்திகத் தோழர்கள் பேசுகிறார்கள். 1973 டிசம்பரில் பெரியாரை எந்தச் சடங்கும் இல்லாமல் அடக்கம் செய்தார்கள். 1956 டிசம்பரில் அம்பேத்கரைப் பௌத்த முறையில் எரியூட்டினார்கள். இரண்டு பேரும் எனக்கு வழிகாட்டிகள்தான். ஆனால் சேரிச் சாவுக்கு எந்தப் பார்ப்பான் வந்தான், நான் விரட்டுவதற்கு? எங்களை மறிப்பது மந்திரமல்ல, வேலி. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தில் வழிவிடாததால் ஒரு தலித்தின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்களே, அந்த வேலி.

உடல் தானத்துக்குப் படிவம் வாங்கி வைத்திருக்கிறேன். வீட்டில் கையெழுத்துப் போட மறுக்கிறாள். "நீதான் செத்தா ஒண்ணுமில்லன்னு சொல்றியே. ஒண்ணுமில்லாதவனுக்கு எதுக்கு ஆச? அழப்போறது நாங்கதான?" என்கிறாள். தர்க்கப்படி அவள் சொல்வது சரி. எனக்குப் பிறகு நான் இல்லை என்றால், என் சாவு என்னுடையதல்ல, இருக்கிறவர்களுடையது. அப்பாவின் சாவை அவர்களிடமிருந்து நான் பிடுங்கிக்கொண்டேனோ?

இன்னொன்றும் உறுத்துகிறது. எங்கள் சுடுகாட்டுக்கு ஊர்த்தெரு வழியாகப் போனால் பத்து நிமிசம். நாங்கள் போவதோ ஓடையைச் சுற்றி, மழைக்காலத்தில் முழங்கால் சேற்றில். மருத்துவக் கல்லூரிக்கு ஆம்புலன்சில் போகிற பொணம் எவன் வேலியையும் தொடாது. ஊர்க்காரனுக்கு அதைவிடச் சௌகரியம் வேறென்ன? மாணவர்கள் அறுத்துப் படிக்கட்டும் என்ற ஆசை எனக்குப் போகவில்லை. ஆனாலும் அந்தத் தெருவில் ஒரு பொணமாவது போக வேண்டாமா?

கண்ணை ஆறு மணி நேரத்துக்குள் எடுக்கச் சொல்லிவிட்டேன். அதற்கு அவள் சம்மதித்துவிட்டாள். மீதியை ஊர்த்தெரு வழியாகத் தூக்குங்கள் என்று தோழர்களிடம் சொல்லியிருக்கிறேன். அடி விழும், வழக்கு வரும். செத்தவனுக்காக உயிரோடிருப்பவன் அடிபடணுமா என்று ஒரு தோழர் கேட்டார். அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

பறை பற்றிச் சித்தப்பாவிடம் பேசணும். அவருக்கு இப்போது கை நடுங்குகிறது.