விலகிப்போன கடல்

தைப்பூசத்துக்குப் பச்சை வேட்டி கட்டிக் கோவில்பட்டியிலிருந்து திருச்செந்தூருக்கு நடக்கிறவர்களுக்கு முதல் நாள் முழுக்கக் கரிசல்தான். எட்டயபுரம் தாண்டியும் உளுந்து, பருத்தி, நடுநடுவே உடைமரம். ரோட்டை விட்டு ஓடைப்பக்கம் இறங்கினால் ஈரமண் அப்பிக்கொண்டு வெறுங்காலுக்குச் செருப்பு மாட்டிவிடும். குச்சியால் சுரண்டினாலும் விரலிடுக்கில் தங்கும். தூத்துக்குடி வந்தால் உப்பளம், ஓலை மூடிய உப்பு அம்பாரங்கள். கடலோர வழி என்று பேர். கடல் என்னவோ கண்ணில் படுவதில்லை.

பழையகாயலில் டீக்கு உட்கார்ந்தால் அந்த ஊர்ப் பேரே யோசிக்க வைக்கும். 13-ஆம் நூற்றாண்டுக் கடைசியில் மார்கோ போலோ எழுதிய காயல் துறைமுகம் இந்தப் பக்கம்தான். அரேபியக் குதிரைகள் வந்திறங்கிய கரை. தாமிரபரணி வண்டல் தள்ளித் தள்ளி மேடிட்டதில் கடல் கிழக்கே விலகிவிட்டது. அதைத் தேடித்தான் நாம் சுமார் 100 கிலோமீட்டர் நடக்கிறோம்; அது நமக்கு முன்பே நடையைக் கட்டிவிட்டது!

போன வருஷம் முக்காணியில் கூட வந்த பெரியவர் ஆற்றில் இறங்கிக் காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். "ஊர் மண்ணுய்யா, லேசுல போகாது" என்றார், கொப்புளத்தை ஊதிக்கொண்டே.