உளுவைக்கும் ஹக்கு உண்டா?

அல்லாஹ்வின் படைப்பில் அற்பமானது என்று ஒன்று உண்டா? விரிஞ்சிபுரத்துப் பாலாற்றங்கரையில் நின்று வெறும் மணலைப் பார்க்கும்போதெல்லாம் இக்கேள்வி நம் நெஞ்சில் எழுகிறது.

உளுவை என்றொரு மீன். நம் நாட்டு ஆறுகளிலும் ஏரிகளிலும் கழிமுகங்களிலும் மணலோடு மணலாகக் கிடப்பது. அதன் வயிற்றுப்புறத் துடுப்புகள் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து சிறு கிண்ணம் போல் அமைந்துள்ளன. அந்தக் கிண்ணத்தின் அருமையை அறிய, தீவுகளின் ஓடைகளில் வாழும் அதன் இனத்தைப் பார்க்க வேண்டும். ஹவாய்த் தீவில் அக்காக்கா என்னும் அருவி 130 மீட்டருக்கும் அதிக உயரம். அதற்கு மேலுள்ள ஓடையிலும் விரல் நீள உளுவை இனமொன்று வாழ்கிறது. முட்டை ஓடையில் பொரிகிறது. குஞ்சுகளை வெள்ளம் கடலுக்குக் கொண்டுபோகிறது. சில மாதங்களில் அவை திரும்பி வந்து, வயிற்றுக் கிண்ணத்தால் ஈரப் பாறையைப் பற்றிப் பற்றி அருவியில் ஏறிவிடுகின்றன. ஸுப்ஹானல்லாஹ்! வழியில் ஓரிடத்தில் நீர் கெட்டாலும் அந்தப் பயணம் அத்தோடு முடிந்தது.

நமது பாலாறு வாணியம்பாடி, ஆம்பூர் வழியாக விரிஞ்சிபுரம் வருகிறது. தோல் தொழில் நம் சமுதாயத்துக்குச் சோறு போட்டது, மதரஸாக்களை எழுப்பியது. அதை மறப்பது நன்றிகேடு. ஆனால் கழிவுநீர் ஆற்றில் இறங்கியதையும் மறைக்க முடியாது. தோல் பதனிடும் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுவதுமோ ஓரளவோ பயிருக்கு உதவாமல் போனதை 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பில் குறித்தது. கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்றது. 2025 ஜனவரி 30-இல் அதே நீதிமன்றம் இதே ஆற்றுக்காக மீண்டும் பேச நேர்ந்தது.

நிலம் கெட்டவர்கள் வழக்குப் போட்டார்கள். உளுவை யாரிடம் முறையிடும்?

"மீனைப் பார்த்தால் பிள்ளைகள் பட்டினி கிடக்குமே!" என்பார் சிலர். கவலை நியாயமானதே. தொழிலை விடும்படி நாம் சொல்லவில்லை. ஓர் எறும்பு கடித்ததற்காகப் புற்றையே எரிக்கச் செய்த ஒரு நபியை, தன்னைத் தஸ்பீஹ் செய்யும் ஒரு கூட்டத்தை அழித்ததற்காக அல்லாஹ் கண்டித்தான் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள். அங்கே எறும்பாவது கடித்தது. உளுவை நம்மை என்ன செய்தது?

ஓடும் ஆற்றில் ஒளுச் செய்தாலும் விரயம் கூடாது என்று கற்ற சமுதாயம் நாம். தோல் ஹலாலானதா என்று விசாரிக்கிறோம். அதைக் கழுவிய நீர் எங்கே போனது என்றும் விசாரிப்போம். சுத்திகரிப்புக்கு ஆகும் செலவு லாபத்தில் விழுந்த துண்டல்ல. ஆற்றின் கீழே வாழும் மனிதருக்கும் மீனுக்கும் நாம் தரவேண்டிய ஹக்கு. வாயில்லா ஜீவனின் வழக்குக்கும் மறுமையில் விசாரணை உண்டு.

வல்ல அல்லாஹ் நம் சம்பாத்தியத்தைத் தூய்மையாக்கி வைப்பானாக! ஆமீன்.