பந்தியில் மறக்கப்பட்ட விதவை



திருச்சபையின் முதலாவது கந்தோர் எதற்காகத் திறக்கப்பட்டது என்று எப்போதாவது எண்ணிப் பார்த்ததுண்டா? கணக்கு எழுதுவதற்காகவா? காணிக்கை எண்ணுவதற்காகவா? இல்லை. சில விதவைகள் மறக்கப்பட்டுப் போனதற்காக.

அப்போஸ்தலர் பணி நூலின் ஆறாம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். யெருசலேமிலே சீடர்களின் தொகை பெருகிக்கொண்டிருந்த காலம் அது. ஆட்கள் பெருகினால் வேலை பெருகும். வேலை பெருகினால் முறைப்பாடும் பெருகும். அன்றாட உணவுப் பங்கீட்டில் தங்கள் விதவைகள் கவனிக்கப்படுவதில்லை என்று கிரேக்கம் பேசும் சீடர்கள் முறையிட்டார்கள். அப்போஸ்தலர்கள் அந்த முறைப்பாட்டைத் தட்டிக்கழிக்கவில்லை. செபத்தையும் இறைவார்த்தைப் பணியையும் தாங்கள் கைவிடலாகாது என்று சொல்லி, பந்தி விசாரிக்க ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் செய்தார்கள். அந்த எழுவரிடம் எதிர்பார்த்த தகுதி என்ன? கணக்கிலே கெட்டிக்காரராய் இருப்பதல்ல. நற்பெயர் பெற்றவர்களாய், பரிசுத்த ஆவியும் ஞானமும் நிறைந்தவர்களாய் இருக்க வேண்டும் என்பதே.

உணவு பங்கிடுவதற்கும் பரிசுத்த ஆவி வேண்டுமா? குருமடத்தில் இந்த அதிகாரத்தைப் படித்தபோது அக்கேள்வி எனக்கு எழவில்லை. வெளிநாட்டிலே ஒரு வாரம் ஒரு கந்தோர்க் கதிரையில் உட்கார்ந்த பின்புதான் எழுந்தது.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு ஒக்டோபர் மாதம், பிரான்சு தேசத்து லியோன் நகரில் தங்கியிருந்தேன். மறைபரப்பு ஞாயிறுக்கு முந்திய வாரம். அங்குள்ள ஒரு துறவற சபையின் மறைபரப்புக் கந்தோரில் வேலை செய்த இருவரில் ஒருவர் நோயாய் விழுந்துவிட்டார். ஒரு வாரத்துக்கு மட்டும் கைகொடுக்க முடியுமா என்று கேட்டார்கள். ஊரிலே பத்திரிகைக் கந்தோரில் பழகியவன்தானே, அரைகுறைப் பிரெஞ்சும் தெரியும் என்ற துணிவில் ஒப்புக்கொண்டேன்.

லியோன் நகரத்தை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சோன், ரோன் என்ற இரு நதிகள் கூடும் ஊர் அது. நகரின் மேலே இரண்டு குன்றுகள். ஒன்று ஃபூர்வியேர், அங்கே தேவதாயின் பேராலயம் நிற்கிறது. மற்றது குருவா-ரூஸ்; ஒரு காலத்தில் பட்டு நெசவாளரின் தறிகள் இரவு பகலாய் ஓசையிட்ட இடம். ஒன்றைச் செபிக்கும் குன்று என்றும் மற்றதை உழைக்கும் குன்று என்றும் ஊரார் சொல்வார்கள். இந்த இரண்டையும் இணைத்து வைத்தவள் ஒரு பெண்.

அவள் பெயர் போலின் ஜாரிக்கோ. 1799ஆம் ஆண்டு லியோனில் ஒரு பட்டு வியாபாரியின் மகளாய்ப் பிறந்தவள். தூர தேசங்களில் மறைபரப்பாளர்கள் கைப்பொருளின்றிப் படும் துன்பத்தைக் கேள்வியுற்று, பட்டுத் தொழிலாளப் பெண்களிடம் வாரம் ஒரு சூ கேட்டாள். சூ என்றால் ஐந்து சதம் பெறுமதியான சிறு காசு. அவள் கண்ட ஒழுங்கு மிக எளிது. பத்துப் பேருக்கு ஒருவர் பொறுப்பு. அப்படிப்பட்ட பத்துக் கூட்டங்களுக்கு மேலே ஒருவர். நூறு நூறாய்ச் சேர்ந்தவற்றுக்கு மேலே இன்னுமொருவர். 1822 மே 3ஆம் திகதி நிறுவப்பட்ட விசுவாச பரப்புதல் சபை அந்த ஒழுங்கின்மேல்தான் கட்டப்பட்டது.

அதிலே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பத்துப் பேருக்கு ஒருவர் என்றால், காசு சேர்ப்பவருக்கு அந்தப் பத்துப் பேரின் வாசலும் தெரியும், முகமும் தெரியும். யார் வீட்டில் நோய், யார் வீட்டில் இழவு என்பதும் தெரியும். மறைபரப்பாளர்கள் எழுதிய கடிதங்கள் அச்சாகி வந்தபோது, பத்துப் பேருக்கு ஒரு பிரதி கொடுத்தார்கள். அது கைமாறி வாசிக்கப்பட்டது. காசு போன வழியாலே செய்தி திரும்பி வந்தது. கொடுத்தவர் மறக்கப்படவில்லை.

இது நமக்கு அந்நியமான கதையுமல்ல. மார்செய் நகர ஆயராயிருந்த புனித யூஜின் டி மசெனோட் அனுப்பிய அமலமரித் தியாகிகள் சபையின் முதற் குருக்கள் 1847 நவம்பர் 28ஆம் திகதி காலியில் வந்து இறங்கினார்கள். அந்த நூற்றாண்டிலே லியோனில் தொடங்கிய சபை பங்கிட்ட உதவியில் இலங்கை மறைபரப்புக்கும் ஒரு பாகம் வந்தது. நம் முன்னோர் முழந்தாளிட்ட கோவில்களுக்குப் பின்னால், யாழ்ப்பாணம் எந்தத் திசையில் இருக்கிறதென்றே அறியாத நெசவுக்காரப் பெண்களின் காசும் இருந்தது.

இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் நான் அந்தக் கதிரையில் உட்கார்ந்தேன். என்ன செய்தேன் என்று சொல்கிறேன்.

திங்கட்கிழமை காலையிலேயே தபால் இரண்டு பெட்டியில் வந்தது. காசோலைகளை ஒரு பக்கம் பிரிக்க வேண்டும். பற்றுச்சீட்டு எழுத வேண்டும். பூசைக் கருத்துகளைத் தனிப் புத்தகத்தில் பதிய வேண்டும். ஒவ்வொரு காணிக்கைக்கும் ஒவ்வொரு பூசை ஒப்புக்கொடுக்கப்பட வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். ஒன்று தவறினாலும் அது ஒரு ஆன்மாவுக்குச் செய்யும் அநீதி. தொலைபேசி ஓயவில்லை. சுவரொட்டி வந்து சேரவில்லை என்று ஒரு பங்கு. காணிக்கை உறைகள் போதாதென்று இன்னொரு பங்கு. ஆபிரிக்காவிலிருந்து வந்து பேசவிருந்த குருவானவருக்கு விசா இன்னும் கிடைக்கவில்லை. செவ்வாயும் புதனும் மதிய உணவை நின்றபடியே முடித்தேன். கட்டளைச் செபத்தைப் பஸ்ஸிலே சொன்னேன். புதன் இரவு அதையும் சொல்லவில்லை.

அவசரமானவை ஒரு பெட்டியில், மற்றவை இன்னொரு பெட்டியில் என்று நானே ஒரு ஒழுங்கு செய்தேன். காசில்லாத கடிதமெல்லாம் இரண்டாம் பெட்டிக்குப் போயிற்று. ஒழுங்கு நன்றாகவே நடந்தது. எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

வியாழன் பின்னேரம் ஒரு வயோதிப மாது வந்தார். கறுப்பு மேலங்கி, கையிலே ஊன்றுகோல். நான் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தேன். வாங்கைக் காட்டினேன், உட்கார்ந்தார். பேசி முடிப்பதற்குள் அடுத்த அழைப்பு வந்தது. சற்று நேரம் பார்த்துவிட்டு எழுந்து மேசையருகே வந்து, மடகஸ்காரிலிருந்து ஏதும் வந்ததா என்று கேட்டார். நான் தலை நிமிராமலே, "காணிக்கையென்றால் அந்தப் பெட்டியில் போடுங்கள் அம்மா. மற்றதெல்லாம் அடுத்த வாரம்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியில் ஒரு ஐந்து யூரோ தாளைப் போட்டுவிட்டுப் போனார். பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

சனிக்கிழமை மாலை வேலை ஒருவாறு ஓய்ந்தது. இரண்டாம் பெட்டியைக் கவிழ்த்தேன். அதிலே மடகஸ்கார் முத்திரை ஒட்டிய ஒரு கடிதம். கந்தோரின் பெயருக்கு வந்திருந்தது. உள்ளே இன்னொரு சிறிய உறை, ஒரு பெண்ணின் பெயருக்கு. திங்கட்கிழமை முதல் அது என் காலடியில் கிடந்திருக்கிறது. மற்ற ஊழியரிடம் காட்டினேன். அவர் சொன்னார்: "இந்த அம்மா கணவனை இழந்தவர். தம் ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்து அங்கே ஒரு பிள்ளையைப் படிப்பித்தார். இரண்டு வருடமாய்ச் செய்தி இல்லை. மாதம் தவறாமல் வந்து கேட்பார். இந்த மாதம் வரவில்லையா?"

வந்தார் என்று சொல்ல எனக்கு நாவெழவில்லை.

மறுநாள் மறைபரப்பு ஞாயிறு. பாப்பரசர் 11ஆம் பத்திநாதர் 1926ஆம் ஆண்டு ஏற்படுத்திய நாள். காலைப் பூசையில் மறைபரப்பைப் பற்றி நானே பிரசங்கம் செய்தேன். நல்ல பிரசங்கம் என்று சிலர் சொல்லவும் செய்தார்கள். பின்னேரம் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு குருவா-ரூஸ் குன்றின் படிகளில் ஏறினேன். நாலாம் மாடியில் வீடு. கதவைத் திறந்தவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். உறையைக் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடியெடுத்து, நின்றபடியே வாசித்தார். அந்தப் பிள்ளை தாதிப் பயிற்சியை முடித்துவிட்டாள். தன் ஊர் வைத்தியசாலையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டிருந்தாள். இரண்டாம் முறை எனக்குக் கேட்கும்படி வாசித்தார்.

நான் வியாழக்கிழமை நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தார். "கடிதம் பிந்தினால் பரவாயில்லை, சுவாமி. பிந்துவது எனக்குப் பழக்கம். ஆனால் அன்று வீட்டுக்கு வந்து, இனி அங்கே போகவேண்டாம் என்று நினைத்திருந்தேன்" என்றார்.

வாசகர்களே, அந்த வார்த்தை என்னை இன்றுவரை விடவில்லை. அந்த வாரம் நான் ஒரு காசோலையைத் தவறவிடவில்லை. ஒரு பற்றுச்சீட்டில் பிழைவிடவில்லை. தவறவிட்டது ஒரு விதவையை. எந்தக் குறையைத் தீர்க்கத் திருச்சபை கந்தோர் திறந்ததோ, அதே குறையைக் கந்தோரில் இருந்தே செய்தேன். பரிசுத்த ஆவி எதற்கு என்ற கேள்விக்கு விடை அங்கே கிடைத்தது. காசை எண்ணக் கண் இருந்தால் போதும். காசோடு வந்த ஆளைக் காண ஆவியானவர் வேண்டும். புதன் இரவு செபத்தை விட்டவன் வியாழன் பின்னேரம் அந்த மாதுவைக் காணாமல் போனது தற்செயலானதென்று நான் நினைக்கவில்லை.

போலின் ஜாரிக்கோவின் முடிவையும் சொல்லவேண்டும். தொழிலாளருக்காக அவள் தொடங்கிய ஆலை, நம்பியவர்களின் மோசடியால் முறிந்தது. கடனை அடைக்க வாழ்நாளெல்லாம் பாடுபட்டு, 1862ஆம் ஆண்டு ஏழையாகவே இறந்தாள். உலகெங்கும் பணம் அனுப்பிய ஒழுங்கைக் கண்டவள் தன் நகரத்திலேயே மறக்கப்பட்ட ஒருத்தியானாள். 2022 மே 22ஆம் திகதி லியோனில் திருச்சபை அவளை முத்திப்பேறு பெற்றவளாக உயர்த்தியது. மனிதர் இரண்டாம் பெட்டியில் போட்டதை ஆண்டவர் தேடி எடுக்கிறார்.

இந்தப் பிரசங்கம் முதலில் எனக்கும் என் உடன் குருக்களுக்கும் உரியது. நம் அறைவீட்டு விறாந்தை வாங்கிலே இன்றைக்கும் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். ஞானஸ்நானப் பத்திரம் கேட்டு வந்தவராய் இருக்கலாம். பத்திரம் ஒரு சாட்டாய், சொல்ல வேறொரு துயரம் உள்ளவராயும் இருக்கலாம். தலையை நிமிர்த்திப் பார்ப்போம்.

ஆனால் உங்களை விட்டுவிடவும் என்னால் முடியாது. வீட்டிலே திருநாள் ஆயத்தம், பிள்ளையின் சோதனை, கலியாண வீட்டு ஓட்டம் என்று எல்லாம் ஒழுங்காய் நடக்கும். மூலையிலே கதிரையில் இருக்கும் ஆச்சி மூன்றாம் தரம் கேட்ட கேள்விக்கு மட்டும் ஒருவரும் பதில் சொல்லியிருக்க மாட்டோம். மறைபரப்பு ஞாயிறன்று தட்டிலே காணிக்கை விழும். அது யாருக்குப் போகிறதென்று ஒரு அருள்நிறை மந்திரமாவது சொன்னோமா? நாமும் அப்படிப் பெற்றவர்களல்லவா?

இவ்வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டிலும் உங்கள் வேலையிலும் இரண்டாம் பெட்டி எது என்று பாருங்கள். அதிலே கிடக்கும் ஒரு கடிதத்தை, ஒரு ஆளை, வெளியே எடுங்கள். கையிலே கொண்டுபோய்க் கொடுங்கள். படியேற வேண்டியிருந்தால் ஏறுங்கள். ஏறுமுன் சற்று நேரம் செபியுங்கள்.

விதவையின் இரண்டு காசைக் கண்ட ஆண்டவர், காசுக்கு முன்னே அவளைக் கண்டார். அந்தக் கண்ணை நமக்கும் தந்தருள அவரையே மன்றாடுவோம்.