தேயாத தட்டுகள்

அபூர்வமான இசைத்தட்டுக்கு விலை சொல்கிறவர்கள் பெரும்பாலும் அதைக் கேட்பதில்லை, பார்க்கிறார்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துக் கீறல் தேடுகிறார்கள். 'கோல்ட்மைன்' என்ற அமெரிக்கப் பத்திரிகை வகுத்த தர வரிசைதான் இன்று பரவலாக வழக்கில் இருக்கிறது. அதில் உச்ச ஸ்தானம் 'மின்ட்'. ஒரு தடவைகூட ஊசி படாதது என்று கிட்டத்தட்ட அர்த்தம். ஆக, யாருமே கேட்டிராத சங்கீதத்துக்குத்தான் ஆகக் கூடிய விலை.

1957ல் மார்ட்டின் டென்னி 'எக்ஸாட்டிகா' என்றொரு எல்.பி. வெளியிட்டார். வாத்தியக்காரர்களே பறவையாகவும் தவளையாகவும் கத்தி உண்டாக்கிய ஒரு கற்பனைத் தீவு. அந்தப் பெயரே ஒரு ரகத்துக்கு ஆகிவிட்டது. இதே காது பின்னால் நம் பக்கம் திரும்பிற்று. 1977-83 காலத்து இளையராஜா பாடல்களை பிரிட்டனின் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் தொகுத்து வெளியிட்டது. 'ஸ்ரீ ராகவேந்திரா' (1985) படப் பாட்டொன்று பிளாக் ஐட் பீஸ் குழுவின் இசைக்குள் புகுந்தது. வேடிக்கை என்னவென்றால், இப்பாடல்களில் ராஜபாளையத்துக் காதுக்கு அந்நியமாக இருந்தது சிந்தசைசரும் டிஸ்கோ தாளமும்; லண்டன் காதுக்கு அந்நியம் தமிழ்க் குரல். ஊசி ஓடும் தடம் ஒன்றுதான், ஆனால் ஆளுக்கொரு தூரதேசம். இதில் ஒன்றை மட்டும் போலி ரசனை என்று தள்ள எனக்கு மனமில்லை.

பிரச்னை வேறிடத்தில். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் இந்தத் தட்டுகள் பெரும்பாலும் மைக்செட்காரர்களிடம் இருந்தவை. கல்யாணம், சடங்கு, மாரியம்மன் பொங்கல் என்று குழாய் ஸ்பீக்கரில் உழைத்தவை. காஸெட் வந்ததும் பல, எடைக்குப் போயின. இன்றைய அபூர்வத்தில் பாதி, நாம் எறிந்ததன் கணக்கு. மிஞ்சியதை ஒரு வியாபாரி கட்டாக வாங்கிப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். வெளியே என்ன விலை போகும் என்பது அவருக்குத் தெரியும், விற்கிறவருக்குத் தெரியாது. இது ஏமாற்றுத்தான், பேரம் என்று சமாதானம் சொன்னாலும். ஆனால் வியாபாரிக்கும் ஒன்று தெரியாது. பெண்ணழைப்பு தெரு முக்கில் திரும்பும்போது எந்தப் பாட்டு, ராத்திரி கூட்டம் கலையாமலிருக்க எந்தப் பாட்டு என்கிற ஞானம் விற்றவரோடு தங்கிவிட்டது. அதில் கொஞ்சம் தட்டின் லேபிளிலேயே பேனாக் குறியாக இருந்திருக்கும். தர வரிசைப்படி அந்தக் குறி ஒரு குறை, விலையில் கழித்துக்கொள்வார்கள்.

ராஜபாளையம் என்றதும் அந்த ஊர் நாய் ஞாபகம் வருகிறது. 2005ல் தபால்தலைகூட வந்தது. வெள்ளைத் தோலும் இளஞ்சிவப்பு மூக்குமே லட்சணம் என்று பொறுக்கிப் பொறுக்கி வளர்த்ததில் குட்டிகளிடையே செவிடு அதிகம். கண்ணுக்காகப் பேணியதில் காது போயிற்று.

பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரின் கதையோ நேர் எதிர். பெரியாழ்வார் முதலில் 'மின்ட்' கட்சிதான். மகள் சூடிய மாலையை ஒதுக்கிவிட்டுப் புதுசு கட்டினார். பெருமாள் கேட்டது சூடியதை. இன்றும் புரட்டாசி பிரம்மோத்ஸவத்துக்கு ஆண்டாள் சூடிய மாலை அங்கிருந்து திருப்பதி போகிறது.

உவமையை ரொம்ப இழுக்கக் கூடாதுதான். சூடியது ஆண்டாள், யாரோ அல்ல. தவிர, மழுங்கிய ஊசி தடத்தை நிஜமாகவே தின்னும். மேல் ஸ்தாயி ஓசைகள் முதலில் போகும். தேய்மானத்தைப் புனிதமாக்க நான் வரவில்லை. ஆனால் இசைத்தட்டில் கேட்பதும் தேய்ப்பதும் ஒரே காரியம். அந்தச் செலவுக்குத் துணியாமல் பூட்டி வைக்கிறவரிடம் பாட்டு இருக்கிறது என்று சொல்ல முடியவில்லை. பாட்டு யூடியூபில் சும்மா கிடக்கிறது. அவர் வாங்கியது வேறு ஏதோ. வாங்கட்டும். மதிப்புச் சொல்ல உட்காருமுன் ஒரு பக்கத்தையாவது ஓடவிடலாம். மைக்செட்காரரையும் கூப்பிட்டு உட்கார வைத்தால், லேபிளிலுள்ள பெருக்கல் குறி எதற்கென்று சொல்லுவார்.